சேந்துக்கும் என்றவர்

அவர் கறுப்பா சிவப்பா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். ஆறு வயதில் அம்மை வந்து என் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தையல் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அந்தப் பாயை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு இருபது வயது தாண்டியிருந்தது. எண்பதுகளின் நடுவில். 'பார்த்தபோது' என்றுதான் சொல்வேன். கண் இருக்கிறவர்கள் அந்தச் சொல்லுக்குப் பட்டா வாங்கியா வைத்திருக்கிறார்கள்?

பார்த்தேன் என்றால், முதலில் நடை. அவருக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் குட்டை. ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புக் கட்டு அவர் காலுக்கு ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். லாரி டயரை அறுத்து, அதன் மேல் பழைய தோல் செருப்பின் வாரை வைத்துத் தைத்து, அவரே ஒன்று செய்துகொண்டார். ஒரு கால் 'தப்' என்று விழும். மறு கால் 'சர்' என்று இழுபடும். தப், சர். தப், சர். கடைக்குள் நான்கு பேர் நடமாடினாலும் அவர் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது வாசனை. ஈயப் பற்றுவைக்கிற புகையும், அவர் எப்போதும் மென்றுகொண்டிருந்த கிராம்பும். ஏதாவது யோசனையில் இருந்தார் என்றால் கிராம்பைப் பல்லுக்கிடையில் 'நறுக்' என்று கடிப்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பேட்டரியோ ஒயரோ, கரண்டு இருக்கிறதா என்று பார்க்க நாக்கில் வைப்பார். மீட்டர் வைத்திருந்தார், ஆனால் அதை நம்பமாட்டார். "புளிச்சா ப்ளஸ்ஸு, அவ்ளோதான்" என்பார். என் அப்பா புளி மண்டியில் எடை போடுகிறவர். அவருக்கு இது போதாதா? "பாய், எங்க மண்டிக்கு வந்துருங்க. ரகம் பிரிக்க ஒரு நாக்கு வேணும்னு மொதலாளி தேடிக்கிட்டிருக்காரு" என்பார். பாய் சிரிப்பார். அவர் சிரிப்பு மூக்கு வழியாகத்தான் வரும்.

இதெல்லாம் மேலுக்கு. உள்ளே அந்த மனிதர் ஒரே ஒரு சொல்லால் ஆனவர். 'சேந்துக்கும்.'

யார் எதைக் கொண்டுவந்து எதோடு மாட்டச் சொன்னாலும் அதுதான் பதில். ஒரு கம்பெனி செட்டுக்கு இன்னொரு கம்பெனி எலிமினேட்டர். எலிமினேட்டர் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பேட்டரி போடாமல் வீட்டுக் கரண்டில் ரேடியோ பாட வைக்கிற சின்னப் பெட்டி. ஜப்பான் டேப் ரெக்கார்டருக்கு உள்ளூர் ஸ்பீக்கர். ஒருவருக்கு இங்கே கரண்டு ஒத்துவராத வெளிநாட்டு செட்டு. பெங்களூரில் இரண்டு கடையில் கையை விரித்துவிட்டார்களாம். பாய் எதையோ கழற்றி, எதையோ சுற்றி, மூன்றாம் நாள் பாட வைத்துவிட்டார். 'ஒத்துவராது' என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "யாரு சொன்னா? கம்பெனிக்காரனா? அவன் யாவாரத்துக்கு அவன் சொல்லுவான். கொண்டாங்க இப்பிடி."

எங்கள் கோயிலுக்குக்கூட அவர்தான் மைக் ஆம்ப்ளிஃபயரை எதோடோ இணைத்துக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் பூசையில் ஃபாதர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று ஒலிபெருக்கியில் மக்காச்சோளத்துக்கு எப்போது உரம் போடுவது என்று ஓர் ஆள் பேச ஆரம்பித்துவிட்டார். ரேடியோ நிலையம் ஒன்று எப்படியோ உள்ளே புகுந்துவிட்டது. ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மறுநாள் ஃபாதர் போய்க் கேட்டதற்கு, "ரெண்டும் நல்ல விசயந்தானுங்களே ஃபாதர்" என்றாராம் பாய்.

நானும் சிரித்தேன். ஆனால் கம்பைநல்லூரிலிருந்து ஒருவர் வந்து, பாய் மாட்டிக்கொடுத்த எலிமினேட்டரில் தன் செட்டு புகைந்துவிட்டது என்று கத்தியபோது நான் கடையில்தான் இருந்தேன். பாய் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "செட்டு பழசுங்க. உள்ளாற எதுவோ காஞ்சிருக்கும்" என்றார். அந்த ஆள் போன பிறகு கிராம்பு நறுக்கென்றது. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நமக்கு வேண்டியவர்கள் செய்தால் எதுதான் உறைக்கிறது?

நான் அவருக்கு எப்படி வேண்டியவள் ஆனேன் என்று சொல்ல வேண்டும். அப்போது நான் தபாலில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். வரலாறு, தமிழ் வழியில். மூன்றாம் வருஷம். அது முடிந்தால் பி.எட்., அதன் பிறகு டீச்சர் வேலை. இல்லையென்றால் தம்பிக்குக் கல்யாணமாகி வரப்போகிறவளின் வீட்டில் ஒரு மூலையும் ஒரு தட்டும். யாரும் எனக்கு இதை வாயால் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். சொந்தக்காரர்கள் வந்தால் என் தலையைத் தடவிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்கள் பாருங்கள், அந்தக் காற்று போதும். எனக்கு அந்த மூலை வேண்டாம். பாஸ் செய்தே ஆக வேண்டும்.

பாடம் படித்துக் காட்டியது என் அக்கா. கல்யாணமாகி ஓசூர் போவதற்கு முன், மூன்றாம் வருஷப் புத்தகம் முழுவதையும் பதினெட்டு கேசட்டில் படித்து வைத்துவிட்டுப் போனாள். அதைப் பேச வைக்கிற டேப் ரெக்கார்டர் செட்டு, சென்னையில் பார்வையற்றவர்களுக்கான ஓர் அமைப்பு இரவலாகக் கொடுத்தது. கூடவே ஒரு கடிதம். கம்பெனி கொடுத்த எலிமினேட்டரைத் தவிர வேறு எதையும் இதில் மாட்டக் கூடாது, மாட்டினால் பழுதுக்கு நாங்கள் பொறுப்பில்லை. அப்பா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, வேதபுத்தகத்துக்குள் மடித்து வைத்தார்.

அந்தக் கம்பெனி எலிமினேட்டர் எங்கள் ஊர் கரண்டுக்கு ஒரு நோஞ்சான். சாயங்காலம் ஊரே விளக்குப் போட்டதும் அக்காவின் குரல் இழுக்க ஆரம்பித்துவிடும். போதாததற்கு செட்டின் பக்கவாட்டில் வரிசையாக மூன்று ஓட்டை. ஒன்று கரண்டுக்கு, ஒன்று ஸ்பீக்கருக்கு, ஒன்று மைக்குக்கு. மூன்றும் விரலுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒருநாள் நான் கரண்டு பின்னை ஸ்பீக்கர் ஓட்டையில் குத்திவிட்டு, செட்டு போய்விட்டது என்று ஒரு மணி நேரம் அழுதேன்.

"பாய்கிட்ட போலாம்ப்பா" என்றேன்.

"லெட்டர்ல என்னா போட்டிருக்குன்னு கேட்டியில்ல பாப்பா?"

"லெட்டர் போட்டவங்களா வந்து எனக்குப் பரிச்ச எழுதப் போறாங்க?"

அப்பா செட்டைத் துண்டில் சுற்றினார்.

பாய் செட்டை வாங்கித் தடவினார். பிறகு அவர் செய்தது வேறு எந்த மெக்கானிக்கும் செய்யாதது. "நீ எப்பிடி மாட்டுவ? மாட்டிக் காட்டு" என்றார். நான் தடவித் தடவி மாட்டுவதைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றி மறுபடி மாட்டச் சொன்னார். மூன்று தடவை.

"என்னா படிக்கிற?"

"பி.ஏ."

"படிச்சு?"

"டீச்சராவணும்."

"அப்ப டீச்சரம்மான்னே கூப்புட்டுக்கறேன். ஒரு வாரம் கழிச்சு வா டீச்சரம்மா. ஓட்டையே தேட வேணாம் உனக்கு."

"கம்பெனி சாமான்தான் போடணும்னு எழுதியிருக்காங்களே பாய்" என்று அப்பா இழுத்தார்.

"சேந்துக்குமுங்க. நானாச்சு."

ஒரு வாரம் கழித்து அவர் என் மடியில் வைத்த பெட்டியை இப்போதும் என் கை மறக்கவில்லை. பலகையில் செய்த பெட்டி. முன்பக்கம் ஒரு பள்ளம். அதில் செட்டை வைத்து வலது பக்கமாகத் தள்ளினால் போதும், மூன்று பின்னும் ஒரே நேரத்தில் மூன்று ஓட்டைக்குள் போய்விடும். 'டக்.' அவ்வளவுதான். உள்ளே அவரே சுற்றிய ட்ரான்ஸ்பார்மர். கரண்டு எவ்வளவு இறங்கினாலும் ஒரு திருகைத் திருகினால் அக்கா குரல் நிமிர்ந்துவிடும். எடுக்க வேண்டுமென்றால் இடது பக்கம் தள்ளினால் கையோடு வந்துவிடும். பழைய வால்வு ரேடியோ ஒன்றிலிருந்து பெரிய ஸ்பீக்கரையும் கழற்றி உள்ளே வைத்திருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து படிப்பது போலவே இருந்தது.

"பின்னாடி தடவிப் பாரு" என்றார்.

பெட்டியின் முதுகில் ஒரு நீளமான அலமாரி. பதினெட்டு கேசட்டுக்குப் பதினெட்டு அறை. ஒவ்வொரு அறைக்கும் மேலே பித்தளை ஆணிகள். தடவினேன். ஒன்று, இரண்டு, மூன்று... பிரெய்லி எண்கள்! போன வாரம் பேச்சுவாக்கில், உங்க எழுத்துல நம்பர் எப்பிடி வரும் என்று கேட்டு, என் விரலைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் புள்ளி வைக்கச் சொன்னது எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. பதினாறில் மட்டும் ஓர் ஆணி இடம் மாறியிருந்தது. நான் சொல்லவில்லை. என் எழுத்தில் யாரும் எனக்காக எதையும் எழுதியது இல்லை, அதுவரைக்கும்.

ஒரு மாதம் ராஜ வாழ்க்கை. பிறகுதான் வந்தது வினை.

எட்டாம் கேசட்டில் அக்காவின் குரல் முங்க ஆரம்பித்தது. ஒரேயடியாக இல்லை. இரண்டு வார்த்தை கேட்கும், ஒரு வார்த்தை அமுங்கும், மறுபடி வரும். ஆளைத் தண்ணீரில் அமுக்கி அமுக்கி எடுப்பது போல. நான் ஸ்பிரிட் தொட்டு, டேப் உரசிப் பாடுகிற ஹெட்டைத் துடைத்தேன். ஒன்பதாம் கேசட்டைப் போட்டேன். அதிலும் அப்படியே. பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு ஓடினேன். பெட்டியோடு, கேசட்டோடு, எல்லாவற்றோடும்.

பாய் எட்டாம் கேசட்டைப் போட்டுக் கேட்டார். நிறுத்தினார். பெட்டியைத் திருப்புகிற சத்தம். கிராம்பு நறுக்கென்றது.

"என்னா பாய்?"

"ஒண்ணுமில்ல டீச்சரம்மா. ஹெட்டு கொஞ்சம் சாஞ்சிருக்கு." ஏதோ ஒரு திருகைத் திருப்பினார். "எடுத்துட்டுப் போ. சரியாயிரும்."

"கேசட்ல ஒண்ணுமில்லையே?"

"சேந்துக்கும். போ."

எடுத்துக்கொண்டு வந்தேன். கேசட்டுகளை ஒவ்வொன்றாக அதனதன் அறையில், ஆணியைத் தடவிப் பார்த்து, ஒழுங்காக வைத்தேன். பாய் செய்துகொடுத்த வீடாயிற்றே.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் தலை வாரிக்கொண்டிருந்தேன். வாயில் வைத்திருந்த கொண்டை ஊசி நழுவிப் பெட்டியின் பின்பக்கம் விழுந்தது. தரையில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்தான். தேடினேன். ஊசி அலமாரியின் நடுவில், பலகையில் ஒட்டிக்கொண்டு நின்றது. எடுத்தால் வரமாட்டேன் என்று இழுத்தது. விட்டால் மறுபடி 'டிக்' என்று ஓடி ஒட்டியது.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். காந்தத்தின் பக்கத்தில் கேசட் வைத்தால் அதில் இருப்பது அழிந்துபோகும். அந்தப் பலகைக்கு நேர் பின்னால், அக்காவின் குரலை எனக்குக் கணீரென்று கொடுத்துக்கொண்டிருந்த பெரிய ஸ்பீக்கரின் காந்தம். ஒரு பக்கம் அது பாடத்தைப் பேசியது. மறுபக்கம் அதையே அழித்துக்கொண்டிருந்தது. கேசட்டுகளை வாரி எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஓரத்தில் இருந்தவை பிழைத்துக்கொண்டன. நடுவில் ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, ஆறு கேசட்டும் போய்விட்டன. ஒரு பேப்பர் முழுவதும். அக்காவுக்கு அப்போது ஓசூரில் பிரசவமாகி எட்டு நாள். அம்மாவும் அவளோடு. மறுபடி படித்துக் கொடு என்று யாரிடம் கேட்பேன்? பரீட்சைக்கு இருபது நாள்.

அப்பாவைப் பெட்டியைத் தூக்கிவரச் சொல்லிக் கடைக்குப் போனேன். நான் அழவில்லை. கொண்டை ஊசியை அவர் கையில் கொடுத்து, பெட்டியின் முதுகில் வைக்கச் சொன்னேன். டிக்.

"காந்தம் பாய்."

அவர் ஊசியைப் பிடுங்கி மறுபடி வைத்தார். டிக்.

"ஆறு கேசட்டு போச்சு பாய். எனக்குப் படிக்க ஒண்ணுமில்ல."

"ஆறா?" என்றார். "அன்னிக்கு ரெண்டுதான..."

அந்த வார்த்தை பாதியில் நின்றது. ஆனால் வந்துவிட்டது. நான் அப்படியே நின்றேன். அப்பாவின் கை என் தோளில் இறுகியது.

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

தையல் கடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கொண்டை ஊசியை என் கையில் திருப்பி வைத்தார். "பெட்டியத் திருப்புனப்பவே தெரிஞ்சுபோச்சு டீச்சரம்மா. பெங்களூர்ல காந்தத்துக்கு மூடி போட்ட சின்ன ஸ்பீக்கரு கெடைக்கும்னு சொல்லிவுட்டிருந்தேன். வெள்ளிக்கெழம தொழுதுட்டு உங்க வூட்டுக்கு வந்து, சத்தமில்லாம மாத்திப்புடலாம்னு இருந்தேன். அது வரல. இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு..."

"கேசட்ட வெளிய எடுத்து வெச்சுக்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல பாய்?"

"சொன்னா பெட்டியே சரியில்லன்னு ஆயிரும்" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

அப்போதுதான் எனக்கு அந்த மனிதர் முழுதாகத் தெரிந்தார். காலுக்கு ஒத்துவராது என்று ஒரு தடவை கேட்டவர், ஆயுசுக்கும் அந்தச் சொல்லை வாயில் வைக்காமல் காலம் தள்ளிவிட்டார். அதைச் சொல்லாமல் இருக்க எதை வேண்டுமானாலும் விட்டுவிடுவார். என் பரீட்சையையும் சேர்த்து. இதை இன்றைக்கு நிதானமாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குள் ஓடியது ஒரே ஒரு கணக்குதான். ரெண்டு கேசட்டோடு போயிருக்க வேண்டியது. இந்த மனிதர் ஒரு வார்த்தையை விழுங்கியதால் மீதி நான்கும் போயின.

"நான் படிச்சுத் தாரேன்" என்றார் பாய். "புத்தகத்தக் குடு. கடையச் சாத்திட்டுப் படிக்கறேன். எனக்குத் தமிழு நல்லாவே படிக்க வரும்."

என்ன சொன்னால் அவருக்கு எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். "வேணாம் பாய். உங்களுக்கும் எனக்கும் ஒத்துவராது."

அப்பா "பாப்பா!" என்றார். நான் படியிறங்கிவிட்டேன். புத்தகம் அப்பாவின் பையில் இருந்தது. பெட்டியோடு அவர் பின்னால் வந்தபோது அது பையில் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

ஆறாம் நாள் அப்பா ஒரு பொட்டலத்தை என் பக்கத்தில் வைத்தார். "பாய் குடுத்தாரு. ஆறு கேசட்டு. அஞ்சு நாளாக் கடையில உக்காந்து படிச்சிருக்காரு. கேளு கண்ணு. கோவத்தப் பரிச்சக்கிட்ட காட்டாத."

நான் அந்தப் பொட்டலத்தைத் தகரப் பெட்டியில் போட்டு மூடினேன். எனக்கு இவ்வளவு திமிர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கண் இல்லாதவர்களுக்கு வேறு எதைத்தான் சொந்தமாகக் கொடுத்து வைத்தார்கள் என்று கேட்பேன். முங்கி முங்கி வந்த அக்காவின் குரலிலிருந்து பொறுக்கியதை வைத்துக்கொண்டு போய், பரீட்சை எழுதித் தரும் பெண்ணிடம் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மற்ற எல்லாவற்றிலும் பாஸ். அந்த ஒரு பேப்பரில் ஃபெயில். பி.எட். ஒரு வருஷம் தள்ளிப்போனது. சொந்தக்காரர்கள் வந்து தலையைத் தடவினார்கள்.

மறுபடி எழுத வேண்டிய மாதம் வந்தபோது வேறு வழியில்லை. தகரப் பெட்டியைத் திறந்தேன்.

பாய்க்குத் தமிழ் நன்றாக வராது. அவர் சொன்னது பொய். ஒவ்வொரு நீளமான சொல்லுக்கும் முன்னால் நின்று, மூச்சு வாங்கி, உடைத்து உடைத்துப் படித்திருந்தார். 'ஒத்துழையாமை' என்ற சொல்லை நான்கு தடவை தாண்டப் பார்த்து ஐந்தாவது தடவைதான் தாண்டினார். நடுநடுவே சொந்தச் சரக்கு வேறு. "இங்க ஒரு படம் போட்டிருக்கான் டீச்சரம்மா. மீசக்காரரு ஒருத்தரு. பேரு கீழ இருக்கு, படிக்கறேன்." "இந்தப் பக்கத்துல கொஞ்சம் எண்ண கொட்டிப்போச்சு, இரு, வெளிச்சத்துல பாக்கறேன்." எங்கே கோபப்படுவது? பாடமும் அப்படியே மனதில் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் உப்புச் சத்தியாக்கிரகம் என்றால் எனக்கு அவர் மூச்சு வாங்குகிற சத்தத்தோடுதான் ஞாபகம் வரும்.

பன்னிரண்டாம் கேசட்டின் கடைசியில், பாடம் முடிந்த பிறகும் செட்டை நிறுத்த மறந்திருந்தார். தையல் மெஷின் ஓடியது. பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. யாரோ ஒரு ஆள் வந்தார்.

"பாய், இந்த எலிமினேட்டர் நம்ம செட்டுக்குப் போடலாங்களா? மச்சான் வூட்ல சும்மா கெடந்துச்சு."

தப், சர். தப், சர். நாக்கில் வைக்கிற சத்தம். நான் செட்டின் பக்கம் குனிந்தேன். அடுத்தது என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? என் உதடே அதைச் சொல்லத் தயாராக இருந்தது.

"ஒத்துவராதுங்க" என்றார் பாய். "வேற பாருங்க."

அந்த ஆள் போய்விட்டார். கிராம்பு நறுக்கென்றது. கேசட் தீர்ந்து 'டக்' என்று நின்றது. நான் கையைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட வார்த்தைதான் அது. வந்துவிட்டது. எனக்கு ஏன் அப்படி அழுகை வந்தது?

அந்தப் பேப்பரில் பாஸ் செய்தேன். சென்னை அமைப்பு பழைய செட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறொரு கம்பெனி செட்டை அனுப்பியது. இதில் ஓட்டைகள் இடது பக்கம். பாயின் பெட்டியில் போகவில்லை. பெட்டியையும் புது செட்டையும் தூக்கிக்கொண்டு, ஒரு வருஷத்துக்குப் பிறகு அப்பாவோடு கடைக்குப் போனேன். ரிசல்ட் சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். இது சேருமா என்றும் கேட்க வேண்டும். அதுதான் முக்கியம்.

"வாங்க டீச்சரம்மா" என்றார். எப்போதும் 'வா' என்று கூப்பிடுகிற மனிதர்.

"பாஸ் பண்ணிட்டேன் பாய். உங்க கேசட்டுதான்."

"அல்லா புண்ணியம்."

"அன்னிக்கு அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது பாய்."

"அத வுடுங்க."

புது செட்டை அவர் கையில் கொடுத்தேன். "இது நம்ம பெட்டியில சேருமா பாய்?"

அவர் வாங்கினார். தடவினார். பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். எடுத்தார். நான் காத்திருந்தேன். அந்த ஒரு சொல்லை அவர் மறுபடி சொல்லிவிட்டால், பொய்யாகவாவது சொல்லிவிட்டால், நான் அன்றைக்குப் படியில் இறங்கியது இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒத்துவராதுங்க" என்றார். "கம்பெனி எலிமினேட்டரே போட்டுக்குங்க."

"நீங்க பண்ணா சேரும் பாய். அந்தப் பக்கம் மாத்தி வெச்சா போதும்ல?"

"வேணாங்க."

"ஒரு தடவ சொல்லுங்க பாய். சேந்துக்கும்னு."

கிராம்பு கடிக்கிற சத்தம்கூட இல்லை. வெளியே ஹாரன் அடித்தது. அப்பா, "வா பாப்பா, பஸ்ஸு நிக்கிது" என்றார். நான் செட்டை எடுத்துக்கொண்டு திரும்பினேன். பெட்டியை வேண்டுமென்றே அவர் மேஜையில் விட்டுவிட்டு நடந்தேன். அதைப் பிரித்து வேறு எதற்காவது அவர் சேர்த்துக்கொள்ளட்டும் என்று.

தப், சர். தப், சர். வாசல் வரைக்கும் வந்து, பெட்டியை என் இரண்டு கையிலும் வைத்தார்.

"இது உங்களுதுங்க. வூட்ல வெச்சுக்குங்க" என்றார். "பக்கத்துல மட்டும் கேசட்டு வெச்சுராதீங்க."